கடல் வேண்டாம், சந்தை போதும்

ஓய்வுபெற்ற பிறகு மொரிஷியஸில் போய் இருக்கிறீர்களாமே, நாங்களும் வரலாமா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்ததால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். வரலாம், தாராளமாக வரலாம். ஆனால் கடற்கரையில் வீடு பார்க்காதீர்கள். சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள்.

எங்களுக்கு இந்த ஊர் புதிதில்லை. என் வீட்டுக்காரர் திருப்பூர்க்காரர், 1997இல் இங்கே ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்து வந்தார். நான் வங்கியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுப் பையனோடு வந்து 1998, 99 இரண்டு வருடமும் இங்கே இருந்தேன். அப்போது கம்பெனி கொடுத்த வீடு கியூர்பீப்பில். கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரம், வருடம் முழுக்க மழைத் தூறல், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அதனாலோ என்னவோ, ஓய்வுபெற்று மறுபடி வருவதென்று முடிவானபோது இரண்டு பேருமே ஒரே குரலில் வெயிலும் கடலும் இருக்கிற பக்கம் போவோம் என்றோம். 2023 பிப்ரவரியில் வந்து மேற்குக் கரையில் ஃபிளிக்கன் ஃபிளாக்கில் வீடு எடுத்தோம். பால்கனியில் நின்றால் சவுக்குமரங்களுக்கு நடுவே கடல் தெரியும்.

முதல் மாதம் சொர்க்கம்தான், அதை மறைக்க மாட்டேன். விடியற்காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பவளத்திட்டு அலையைத் தூரத்திலேயே தடுத்துவிடுவதால் இடுப்பளவு நீரில் பயமில்லாமல் நிற்கலாம். இரண்டாவது மாதம் பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். யாருமே இல்லை, அதாவது நிலையாக யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பெட்டியோடு வந்து அடுத்த வாரம் பெட்டியோடு போகிறவர்கள்தான். முகம் பழகுவதற்குள் முகம் மாறிவிடும். நல்ல காய் வாங்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து மேலே காத்ர் போர்ன் என்ற ஊருக்குப் போக வேண்டும், கோயிலுக்கும் மேலேதான், பல் டாக்டருக்கும் மேலேதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்பவும் முடியாது. ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தபோது இவரைத் தவிர ஒரு மனிதக் குரலும் கேட்கவில்லை. ஐந்தாவது நாள் எழுந்து உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, வீடு மாற்றலாம் என்பதுதான்.

அக்டோபரில் காத்ர் போர்ன் வந்தோம். ஒரு குடும்பத்து வீட்டின் கீழ்த்தளம். மேல்தளத்தில் வீட்டுக்கார அம்மா, எழுபது வயது, நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பேரன் கல்யாணம் ஆனால் இன்னொரு தளம் கட்டுவதற்காக. இங்கே பாதி வீடுகள் அப்படித்தான் அடுத்த தலைமுறைக்கு இடம் விட்டு நிற்கும். 1960இல் கரோல் என்ற புயல் அடித்து மர வீடுகளையும் தகர வீடுகளையும் துடைத்துக்கொண்டு போன பிறகுதான் தீவு முழுக்கத் தட்டையான கான்கிரீட் கூரைக்கு மாறியது. அக்கா அப்போது சின்னப் பெண். கூரை பறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார்.

சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி எழுதாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. வந்த முதல் வாரம் ஒரு கடையில் நின்றேன். விற்பவருக்கு ஐம்பது வயதிருக்கும், தமிழ்ப் பெயர், தமிழ் பேசத் தெரியாது. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. நான் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் கொத்தமல்லி கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டை எடுத்து நீட்டி "கோத்தோமிலி?" என்றார். அதுதான் இங்கே அதன் பெயர். கறிவேப்பிலைக்கு கரிபூலே. பீர்க்கங்காய்க்கு பிப்பங்காய். முருங்கைக்கு முரூம், கீரை என்றால் பிரேத் முரூம். தெரு வண்டியில் விற்கும் காத்தோ பிமானைக் கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடை. இந்தக் காய்கறிப் பெயர்களைச் சொல்பவர்களில் சீனர்கள் உண்டு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் உண்டு, போஜ்புரி பேசிய பாட்டிகளின் பேத்திகள் உண்டு. அவர்களில் பலருக்கு இது தமிழ் என்றே தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1735இல் லா பூர்தொனே ஆளுநராக வந்த பிறகு, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள். அப்புறம் 1834இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக. பேச்சு போய்விட்டது, சமையலறைப் பெயர்கள் மட்டும் தீவு முழுவதற்கும் சொந்தமாகி நின்றுவிட்டன. அந்தக் கட்டைக் கையில் வாங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இவ்வளவு சின்ன ஊரில் எழுத்துக்கு எவ்வளவு மரியாதை என்பதை நான் 1998லேயே பார்த்திருக்கிறேன். இங்கே ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அடுத்து இந்தி என்றுதான் வரிசை. அந்த வருடம் வந்த புது நோட்டில் தமிழ் கடைசிக்குப் போய்விட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி பழைய வரிசைக்கே அச்சடித்தார்கள். தமிழில் ஒரு வாக்கியம் பேச வராத என் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குக் கண் சிவக்கப் பேசினதை என்னால் மறக்க முடியவில்லை. இப்போதும் நூறு ரூபாய் நோட்டில் இந்த ஊர்த் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம்தான்.

சரி, எல்லாரும் கேட்கிற பண விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென்று தனியாக ஒரு குடியிருப்பு அனுமதி இருக்கிறது. 50 வயது ஆகியிருக்க வேண்டும். நாங்கள் 2022இல் விண்ணப்பித்தபோது மாதம் 1500 டாலர், இல்லையென்றால் வருடத்துக்கு 18,000 டாலர், வெளியிலிருந்து இங்குள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பது விதி. இந்தத் தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த அனுமதி பத்து வருடத்துக்கு. மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். நம் பணத்தில் அப்போது மாதம் ஒன்றேகால் லட்சம் வந்தது. வெறும் பென்ஷனை மட்டும் நம்பியிருந்தால் எங்களால் முடிந்திருக்காது, திருப்பூர் வீட்டு வாடகையும் வைப்புநிதி வட்டியும் சேர்ந்துதான் கட்டுப்படியாகிறது. அவ்வளவும் செலவாகாது, மீதி கணக்கிலேயே நிற்கும், ஆனால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வங்கியில் முப்பது வருடம் இருந்தவள் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். கிளம்பும் முன் உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக, மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டில் குடியேறிய பிறகும் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது விதிமீறல். என்ஆர்ஓ கணக்கிலிருந்து வருடத்துக்கு பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், வரி கட்டியதற்கான படிவங்களும் ஆடிட்டர் சான்றிதழும் தேவைப்படும். நல்ல ஆடிட்டர் ஒருவரை ஊரிலேயே பிடித்து வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த அனுமதியில் இங்கே வேலை பார்க்கக் கூடாது. பிடித்த வீட்டை நினைத்த இடத்தில் வாங்கவும் முடியாது, பெரும்பாலும் வெளிநாட்டவருக்கென்று அரசு அங்கீகரித்த திட்டங்களில்தான் வாங்கலாம். குறைந்தது 3,75,000 டாலருக்கு வாங்கினால் அதற்கே குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அது உண்மைதான். அந்தத் திட்ட வீடுகள் அதிகம் இருப்பது கடற்கரைப் பக்கம். நான் ஏன் வாடகை வீட்டைச் சொல்கிறேன் என்று இப்போது புரியும். ஒரு முழு வருடம், அதில் ஒரு புயல் பருவம், இரண்டையும் வாடகை வீட்டில் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள்.

வரவே வேண்டாம் என்று நான் சொல்வது ஊரில் வயதான அப்பா அம்மா இருக்கிறவர்களுக்கு மட்டும். மும்பையிலிருந்து ஆறு மணி நேர விமானம், நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், பக்கம் போலத்தான் தோன்றும். போன வருடம் என் வீட்டுக்காரரின் அண்ணன் தவறியபோது மறுநாள் விமானமே இல்லை. அதற்கு மறுநாள் கிளம்பி, மும்பையில் காத்திருந்து, கோவையில் இறங்கி வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்ற நிலையை எழுத எனக்குத் தைரியமில்லை. உடம்பு விஷயமும் அப்படித்தான். சின்னச் சின்ன வைத்தியத்துக்கு இங்கே தனியார் கிளினிக்குகள் நன்றாகவே இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் இங்குள்ளவர்களே சென்னைக்குப் போகிறார்கள். வயது ஏற ஏறக் காப்பீட்டுத் தொகையும் ஏறும், அதைக் கணக்கில் சேர்க்காமல் வராதீர்கள்.

மற்றபடி வாழ்க்கை எளிது. இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். காத்ர் போர்னிலிருந்து மெட்ரோவில் தலைநகர் போர்ட் லூயி போகலாம், இந்தப் பக்கம் கியூர்பீப் வரை போகலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, ஜூலையில் குளிர், தீபாவளிக்குப் புழுங்கும். மழை தவறிய வருடம் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான், மாடியில் தொட்டி இல்லாத வீட்டை எடுக்காதீர்கள்.

புயலைப் பற்றி. எச்சரிக்கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறும். மூன்று வந்தால் ஊர் அடங்கிவிடும், நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஏற்கெனவே அடிக்கிறது என்று அர்த்தம். 2024 ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் வந்தது. போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை உருட்டிக்கொண்டு போனதைக் கைபேசியில் பார்த்துவிட்டு இவர் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. மின்சாரம் போய்விட்டது. கடற்கரை வீட்டிலேயே இருந்திருந்தால் இரண்டு பேரும் இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏழு மணி வாக்கில் உள்படிக்கட்டு வழியாக அக்கா ஒரு கையில் டார்ச்சும் பேட்டரி ரேடியோவும், இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய நோட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. இங்கே அது நாட்டுக்கே பொது விடுமுறை, கோர் த கார்த் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும், எங்கள் ஜன்னலிலிருந்தே மலை தெரியும். விரதம் தொடங்குகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே, கொடியேற்றம் என்ன ஆகுமோ என்பதுதான் அவர் கவலை.

காலையில் வைத்த சர்க்கரைப் பொங்கல் இருந்தது, அவருக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு நோட்டைத் திறந்தார். அவர் அம்மா எழுதினது. காவடிக்கு முன்னால் பாடும் பாட்டுகள், தமிழ்தான், ஆனால் எழுத்து ரோமன் எழுத்து, அதுவும் பிரெஞ்சு முறையில். முருகா என்பதில் வரும் ஒவ்வொரு உகரத்துக்கும் இரண்டு எழுத்து. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எனக்கு வார்த்தை பிரிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் ராகம் போட்டுப் பாடினார். நான் தடுமாறிய இடங்களில் அவர் தடுமாறவில்லை, ஏனென்றால் அவருக்கு அது மனப்பாடம், அறுபது வருடப் பழக்கம். அர்த்தம்தான் தெரியாது. ஒரு வார்த்தைக்குக் கீழே விரலை வைத்து இது என்ன என்றார். தஞ்சம்.

எனக்குக் கிரியோலில் வார்த்தை வரவில்லை. கையைக் குவித்துக் காட்டினேன், தலைமேல் கூரை மாதிரி வைத்துக் காட்டினேன். அந்நேரம் ரேடியோவில் வீடு பாதுகாப்பில்லாதவர்கள் போய்த் தங்க வேண்டிய இடங்களை ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார்கள், சாந்த்ர் த ரெஃபூஜ், சாந்த்ர் த ரெஃபூஜ் என்று. இவர் மூலையிலிருந்து, "அதுதாம்மா, ரேடியோவில சொல்றதுதான்" என்றார். நான் ரேடியோவைக் காட்டி, "ரெஃபூஜ்" என்றேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பாட்டை முதலிலிருந்து ஒருமுறை மெதுவாகப் பாடினார். அந்த வார்த்தை வந்த இடத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.