யங் சகோதரர்கள்: 2017 ஒக்டோபர் முதல் ஒரு நாட்குறிப்பு

2017 ஒக்டோபர் 24

ஜோர்ஜ் யங் மறைந்த செய்தியை நேற்றே அறிந்தேன். எழுதுவதற்கு இன்றுதான் மனம் இடம் கொடுத்தது. அவருக்கு 70 வயது. பலருக்கு அவர் ஏசி/டிசி என்ற ரொக் இசைக்குழுவில் கிற்றார் வாசித்த மல்கம், அங்கஸ் சகோதரர்களின் அண்ணன் மட்டுமே. எனக்கோ அந்தக் குழுவின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது. 1963இல் யங் குடும்பம் கிளாஸ்கோவின் கிரான்ஹில் பகுதியை விட்டு சிட்னிக்கு வந்து, வில்லாவுட் குடியேற்றவாசிகள் விடுதியில் தங்கியபோது ஜோர்ஜுக்கு 16 வயது, மல்கமுக்கு 10, அங்கஸுக்கு 8. அந்த விடுதியிலேயே ஒல்லாந்திலிருந்து வந்திருந்த ஹரி வாண்டாவை ஜோர்ஜ் சந்தித்தார். அடுத்த ஆண்டே அவர்கள் இருவரும் இருந்த ஈஸிபீட்ஸ் இசைக்குழு பிறந்தது. 1966இல் அவர்களுடைய ஒரு பாட்டு இங்கிலாந்தின் தரவரிசையில் 6ஆம் இடம் வரை ஏறியது. சின்னத் தம்பிகள் இருவரும் இவ்வளவையும் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்து வளர்ந்தார்கள்.

வில்லாவுட் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு இன்று நினைவுக்கு வருவது குடிவரவுத் தடுப்பு முகாம். பழைய விடுதி நிலத்தின் ஒரு பகுதியில்தான் அது அமைந்திருக்கிறது. அங்கே மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதனால் இந்தச் சகோதரர்களின் கதையை நான் ஒருபோதும் வெளியாரின் கதையாகப் படித்ததில்லை.

ஒக்டோபர் 26

என் அண்ணாவுக்கு மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

ஒக்டோபர் 29

மாலையில் சிட்னிப் புறநகரான பேர்வூட் வரை போய், யங் சகோதரர்கள் வளர்ந்த பேர்லி வீதியில் நடந்தேன். 1973 நவம்பரில் மல்கம் ஏசி/டிசி குழுவைத் தொடங்கியபோது அவருக்கு 20 வயது. உள்ளாடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். குழுவுக்குப் பெயர் கிடைத்ததும் ஒரு தையல் இயந்திரத்திலிருந்துதான்: அதில் பொறித்திருந்த ஏசி/டிசி என்ற மின்னோட்டக் குறியை அக்கா மார்கரெட் எடுத்துச் சொன்னார். அங்கஸ் மேடையில் பள்ளிச் சீருடை அணியட்டும் என்ற யோசனையும் அவருடையதே. அந்த ஆண்டின் கடைசி இரவில், சிட்னியின் செக்கர்ஸ் விடுதியில், முதல் நிகழ்ச்சி நடந்தது. இவர்கள் எழுந்த விதத்தை யாராவது கேட்டால் நான் முதலில் அக்காவைப் பற்றித்தான் சொல்வேன். பலர் அவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நவம்பர் 3

இரவு முழுவதும் மல்கமின் கிற்றாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அது 1963ஆம் ஆண்டில் கிரெட்ச் நிறுவனம் செய்த கிற்றார்; ஹரி வாண்டா கொடுத்தது. மல்கம் அதன் சிவப்புப் பூச்சைச் சுரண்டி மரத்தை வெளிக்கொணர்ந்தார். நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் அருகே உள்ள, அதிர்வை மின்சாரமாக்கும் ஒரே ஒரு பிக்கப்பை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டார். கழற்றிய இடத்தில் இருந்த குழியை மூடவும் இல்லை. தடித்த நரம்புகள். ஒலியைப் பெருக்கும் மார்ஷல் அம்பிளிஃபயரை, கேட்பவர்கள் நினைப்பதைக் காட்டிலும் குறைந்த உறுமலுடனேயே வைத்திருந்தார். அதனால்தான் அவர் பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் கோர்ட்டில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே கேட்கிறது. 1980ஆம் ஆண்டு அல்பமான ‘பாக் இன் பிளாக்’கின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இ, டி, ஏ என்று மூன்றே கோர்ட்டுகள், இடையில் வெறும் அமைதி. அந்த அமைதியின் நீளம் ஒரு இழை பிசகினாலும் பாட்டு விழுந்துவிடும். மல்கம் அதைப் பிசகவிட்டதில்லை. மேடையில் டிரம்ஸ் அருகே பின்னால் நிற்பார். பின்பாட்டுப் பாட ஒலிவாங்கி வரை வருவார். பாடி முடித்ததும் திரும்பிப் போய்த் தம் இடத்தில் நிற்பார். முன்னால் அங்கஸ் ஓடித் திரிவதற்கான தரையைப் பின்னால் நின்றவர் போட்டுக்கொடுத்தார்.

நவம்பர் 4

அண்ணா இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. பாட்டும் வேண்டாம் என்றார்.

நவம்பர் 6

இன்று ஜோர்ஜின் பிறந்தநாள். இருந்திருந்தால் 71.

ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை. கிங் வீதியில் இருந்த அல்பர்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜோர்ஜும் ஹரியும் தம்பிகளுடைய குழுவின் முதல் அல்பங்களைத் தயாரித்தார்கள். தொடக்கத்தில் சில பாட்டுகளுக்கு ஜோர்ஜே பேஸ் கிற்றாரும் வாசித்தார். 1977இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது அங்கஸின் அம்பிளிஃபயரிலிருந்து புகை கிளம்பியது. நிறுத்தாதே, வாசி என்று ஜோர்ஜ் சைகை காட்டினார். அந்தப் பதிவுதான் இன்றும் நாம் கேட்பது. இப்படிப்பட்டவரை விலக்கிவிட்டு வேறொரு தயாரிப்பாளரை வைக்க வேண்டும் என்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் கேட்டது. தம்பிகள் இறுதியில் இணங்கினார்கள். மட் லாங்கே தயாரித்த 1979 அல்பத்தோடுதான் அமெரிக்கா இவர்களைத் திரும்பிப் பார்த்தது. வணிகக் கணக்கில் முடிவு சரி. ஆனால் அண்ணனிடம் அதை எந்த வாயால் சொல்லியிருப்பார்கள்? ஜோர்ஜ் பிணங்கி நிற்கவில்லை; 1988இலும் 2000இலும் மீண்டும் அவர்களுக்காகத் தயாரிப்பாளர் நாற்காலியில் அமர்ந்தார். என் காதுக்கு, அவர் கைபட்ட 1978ஆம் ஆண்டு அல்பமே இன்றும் மிகச் சிறந்தது.

நவம்பர் 10

மல்கம் எப்படி இருக்கிறார் என்று யாரும் எழுதவில்லை. அண்ணன் போன செய்தியை அவரிடம் சொன்னார்களா, சொன்னால் அவருக்கு விளங்கியிருக்குமா?

நவம்பர் 14

வைத்தியசாலையின் காத்திருப்பு அறையில் இதை எழுதுகிறேன். மல்கமுக்கு மறதி நோய் என்பதைக் குடும்பத்தினர் 2014 செப்டெம்பரில் அறிவித்தார்கள். அறிகுறிகள் அதற்கு முன்பே, 2008இல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்திலேயே இருந்தன. தாமே உருவாக்கி, முப்பது ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த பாட்டுகளை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் மீண்டும் உட்கார்ந்து பயின்றார், பயின்றுவிட்டு மேடையேறினார். 2010 ஜூன் 28 அன்று ஸ்பெயினின் பில்பாவோவில் வாசித்ததே அவருடைய கடைசி நிகழ்ச்சி. பிறகு அந்த இடத்தில், மூத்த அண்ணன் ஸ்டீவனின் மகன் ஸ்டீவி வந்து நின்றார். உறவுக்குப் பெறாமகன், வயதில் அங்கஸுக்கு ஏறக்குறைய ஒத்தவர். 1988இல் மல்கம் குடியிலிருந்து மீளச் சில மாதங்கள் விலகியிருந்தபோதும் இவரே வாசித்தார். அந்தக் குடும்பத்தில் வெற்றிடம் விழுந்தால் குடும்பத்திலிருந்தே ஆள் வந்தது.

தாதி அழைக்கிறார்.

நவம்பர் 19

மல்கம் நேற்றுப் போய்விட்டார். 64 வயது. ஜோர்ஜ் இறந்து நான்கு வாரம்கூட நிறையவில்லை.

நவம்பர் 20

எல்லா இடத்திலும் அங்கஸின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. குழுவைத் தொடங்கியவர் மல்கம். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, எந்தப் பாட்டை வைத்துக்கொள்வது என்று கடைசியாகத் தீர்மானித்தவர் மல்கம். ஒப்பனைக்கும் பளபளப்புக்கும் காலம் மாறிக்கொண்டே இருந்த நாற்பது ஆண்டுகளில், இவர்கள் மட்டும் மாறாமல் நின்றார்கள் என்றால் அது பிடிவாதம், அந்தப் பிடிவாதம் அவருடையது. அங்கஸுக்கும் இது தெரியும். தெரிந்த ஒருவர் இனி எப்படி வாசிப்பார் என்பதுதான் என் கவலை. சென்ற ஆண்டு செவிக்கோளாறால் பாடகர் பிரயன் ஜோன்சன் சுற்றுப்பயணத்தின் பாதியில் விலகினார். பேஸ் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். பிலடெல்பியாவில் 2016 செப்டெம்பர் 20 அன்று நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மேடையே இல்லை.

நவம்பர் 23

கிரெட்ச் கிற்றாரின் அந்தக் குழி. மூடியிருக்கலாமே என்று அண்ணா ஒருமுறை சொன்னார். தேவையில்லாததை மறைக்கவும் நேரம் செலவிட விரும்பாத மனிதர் அவர் என்று பதில் சொன்னேன். அண்ணா சிரித்தது நினைவிருக்கிறது.

நவம்பர் 28

சென் மேரிஸ் பேராலயத்தில் இன்று இறுதித் திருப்பலி. ரசிகர்கள் வெளியே திரண்டிருந்தார்கள். நான் போகவில்லை, அண்ணாவை விட்டு நகர முடியாத நாள்.

டிசம்பர் 2

1980 பெப்ரவரி 19 அன்று லண்டனில் பாடகர் பொன் ஸ்கொட் இறந்தபோது, இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். துக்கத்தில் அறைக்குள் முடங்கியிருக்க முடியாமல், வந்து ஏதாவது வாசிப்போம் என்று தம்பியைத் தொலைபேசியில் அழைத்தவர் மல்கம். புதிய பாடகராக, இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்துக்காரரான பிரயன் ஜோன்சன் வந்தார். பஹாமாஸில் பதிவு செய்தார்கள். ஜூலை 25 அன்று அல்பம் வெளிவந்தது. மணியோசையில் தொடங்குகிறது, அட்டை முழுக்கக் கறுப்பு, அது இறந்தவருக்கான துக்கம். உலகில் மிக அதிகமாக விற்ற அல்பங்களில் ஒன்று அது. அன்று அழைப்பதற்கு ஓர் அண்ணன் இருந்தான்.

டிசம்பர் 4

காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாவே இன்று 1978 அல்பத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் தூங்கிவிட்டார். பொன் ஸ்கொட்டின் பெற்றோர் ஃப்ரீமன்டிலில் நடந்த அடக்கத்தின்போது இந்தப் பிள்ளைகளைத் தொடரச் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். நாளை.