ஈரக் காப்பியிலையின் பளபளப்பு: மூன்று ஞாயிறு, ஒரு படம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மஞ்சகுட்டைப் பக்கம் எடுத்தவை மொத்தம் 186 படங்கள். அவற்றில் 185 குப்பை. மீதமுள்ள ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மழை நின்று கால் மணி நேரம் ஆன காப்பித் தோட்டம். முன்னால் பச்சையும் சிவப்புமாகக் காய் பிடித்த செடிகள், நடுவில் மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக், அதற்குப் பின்னால் மூடுபனியில் கரைந்துபோகும் மரங்கள். வானம் ஒரு துளிகூட இல்லை.

வானம் இல்லாதது தற்செயல் அல்ல. ஐந்தாறு வருடங்களாக நானும் எல்லோரையும் போல லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலத்தைக் குனிந்து பார்த்துப் படம் எடுத்தவன்தான். மேகம் கவிந்த நாளில் அங்கே கிடைப்பது மேலே ஒரு வெள்ளைத் தாள், கீழே ஒரு சாம்பல் தாள். சேர்வராயன் கோயில் மேட்டில் இன்னும் மோசம். நாலு பக்கமும் வானம்தான். வெளிச்சத்தை வானத்துக்குப் பார்த்து வைத்தால் புல்வெளி கரியாகிவிடுகிறது, புல்லுக்குப் பார்த்து வைத்தால் வானம் வெளுத்துப்போகிறது. வானத்தை மட்டும் மங்கலாக்கும் பாதி இருண்ட கண்ணாடியை லென்ஸ் முன் வைத்தும் பார்த்தாயிற்று. மலைமுகடு நேர்கோட்டிலா இருக்கிறது? மரங்களின் தலை மட்டும் மொட்டையடித்ததுபோல் கறுத்தது. இந்த வருடம் முடிவு செய்தேன்: மேகமூட்டம் என்றால் கேமராவைக் கீழே பார்க்க வைப்பது, மரத்தடிக்குள் நுழைவது. நிழல் விழாத அந்த மெத்தென்ற வெளிச்சம் தோட்டத்துக்குள் வேலை செய்வதுபோல் வேறெங்கும் செய்வதில்லை.

ஆனால் அங்கே வேறொரு தொல்லை காத்திருந்தது. அராபிகா இலைக்கு இயற்கையிலேயே மெழுகு பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு உண்டு. மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வோர் இலையும் தலைக்கு மேலுள்ள வெள்ளை வானத்தைத் திருப்பிக் காட்டும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த தோட்டம் படத்தில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வருகிறது. வானத்தை வாசல் வழியாகத் துரத்தினால் அது இலை வழியாக உள்ளே வந்துவிட்டது.

இதற்கு மருந்து போலரைசர்: லென்ஸ் முன் மாட்டிச் சுழற்றும் வளையக் கண்ணாடி, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். நீல வானத்தைக் கறுப்பாக்கும் சாமான் என்று அதை வெயில் நாளுக்கு ஒதுக்கிவைத்திருக்கும் நண்பர்கள் பலர். மேகமூட்டத்தில் அது வானத்தை ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் இலைமேல் பட்டுத் தெறிக்கும் ஒளி, அந்தத் தெறிப்பினாலேயே ஒரு திசைக்கு அடங்கிவிடுகிறது. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அந்தக் கண்ணாடி தடுக்கும். இலைப்பரப்புக்கு ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில் நாம் பார்க்கும்போது பலன் உச்சம். நேர்மேலிருந்து பார்த்தால் அநேகமாகப் பலனே இல்லை.

சிக்கல் என்னவென்றால், செடியில் இலைகள் அணிவகுப்பில் நிற்பதில்லை. ஒன்று இடப்புறம் சாய்ந்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்தினால் பத்து இலை பச்சையாகும், நாலு இலை பளிச்சிடும். இன்னும் கொஞ்சம் சுழற்றினால் அந்த நாலு அடங்கும், வேறு மூன்று கண்ணைப் பறிக்கும். மூன்று ஞாயிறுகள் போனது இந்த வளையத்தோடுதான்.

முதல் ஞாயிறு: வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் தானியங்கி எக்ஸ்போஷரில் வைத்துக்கொண்டு பின்திரையைப் பார்த்துச் சுழற்றினேன். வித்தியாசமே தெரியவில்லை. போலரைசர் கெட்டுவிட்டதென்று திட்டினேன். கெட்டது அதுவல்ல. மினுமினுப்பு குறையக் குறையக் கேமரா, பாவம், இருட்டாகிறதே என்று படத்தை வெளிச்சமாக்கிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சத்தை நானே முடிவு செய்யும் மேனுவலில் வைத்து, ஒரே ஓர் இலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த வெள்ளைத் திரை விலகுவது தெரிந்தது. தெரிந்த சந்தோஷத்தில் எல்லா மினுமினுப்பையும் துடைத்து எடுத்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் இலைகள் பச்சைத் துணியில் வெட்டி ஒட்டியவைபோல் இருந்தன. மழை பெய்த அடையாளமே இல்லை.

இரண்டாம் ஞாயிற்றுக் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படுக்கைவாட்டில் அழகாக அமைத்து வைத்துவிட்டு, மிளகுக் கொடி உயரமாக ஏறுகிறதே என்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். கேமரா திரும்பினால் வளையமும் கூடவே 90 டிகிரி திரும்பும் என்பது இத்தனை வருட அனுபவசாலிக்கு உறைக்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் மினுமினுப்பு முழுசாகத் திரும்பி வந்திருந்தது. அதே நாளில் வளையத்தை எதிர்த்திசையில் சுழற்றி, அது கழன்று செடியடிச் சருகில் உருண்டதும் நடந்தது. எப்போதும் இறுகும் திசையிலேயே சுழற்றுங்கள்.

இப்போது வளையத்தின் ஓரத்தில் மனைவியின் வெள்ளை நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு கடிகாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். போன ஞாயிறு பலித்த கணக்கு இது: மினுமினுப்பு அறவே போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மணி அளவு தள்ளி நிறுத்தினேன். முன்னிலைகளின் விளிம்பில் மட்டும் ஈரம் மின்னியது. நடுவிலைகள் பச்சையாக அடங்கின.

போலரைசர் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, அதாவது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். மரநிழலில் லென்ஸ் துளையை எஃப் 8, ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 400 வைத்தும் ஷட்டர் வேகம் கால் வினாடிக்கு இறங்கிவிட்டது. கால் வினாடியில் மிளகு இலை ஆடாமல் இருக்க வேண்டும். முக்காலியை ஊன்றிக்கொண்டு, கொடியின் நுனி இலையையே பார்த்து நாற்பது நிமிடம் நின்றேன். தோட்டக் காவல்காரப் பெரியவர் இரண்டு முறை அந்த வழியாகப் போனார். மூன்றாம் முறை நின்றுவிட்டார்.

“தம்பி, எதை எடுக்கிறீர்கள்? காட்டெருமை வந்ததா?”

“இல்லைங்க ஐயா, இலை நிற்கட்டும் என்று பார்க்கிறேன்.”

“இலை எங்கே தம்பி நிற்கும்? அது மரத்தில் இருக்கிறதே!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று நின்றது. அந்த ஒரு படம் அப்போது எடுத்ததுதான்.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. என் முதல் போலரைசர் இணையத்தில் மலிவாகக் கிடைத்தது. மூடுபனியையெல்லாம் பழுப்பாக்கி டீத்தண்ணீர் ஆக்கியது. இரண்டாவதைச் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பழைய கடையில் கையில் வாங்கிப் பார்த்தே எடுத்தேன். கைப்பேசித் திரைக்கு முன் பிடித்து, கேமராப் பக்கத்திலிருந்து பார்த்தபடி சுழற்றுங்கள். திரை நன்றாக இருண்டு வெளுக்க வேண்டும். திருப்பிப் பிடித்துப் பார்த்தால் இருளாமல் நிறம் மட்டும் மாறும், அதைக் கண்டு பயந்து கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 77 மி.மீ. விட்டத்தில் ஒன்றே வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு மாற்று வளையம் போட்டுக்கொண்டேன். செலவு மிச்சம்தான், ஆனால் லென்ஸின் வெயில்மறைப்பு மாட்ட முடிவதில்லை. அதனால் சொட்டும் மரத்தடியில் குடை பிடிக்க வேண்டியிருக்கிறது. நீலக் குடை வேண்டாம், பக்கத்து இலையெல்லாம் நீலம் பாரிக்கிறது. பழைய கறுப்புக் குடையே உத்தமம்.

ஈரம் என்றதும் ஞாபகம் வருகிறது: லென்ஸில் ஆவி படிவது மலை ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். மேலே குளிர்ந்த கண்ணாடி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்தின் வெதுவெதுப்பான ஈரக் காற்றைப் பார்த்ததும் வியர்த்துவிடுகிறது. டீக்கடையில் பையைத் திறந்து படம் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பாலிதீன் பையில் இறுகக் கட்டியபடி வீடு வரை கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கிறேன்.

நிறத்திருத்தம் இன்னும் முடியவில்லை. கேமராவின் மேகமூட்ட அமைப்பு 6000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மேல் போய்ப் பனியை மஞ்சளாக்கிவிடுகிறது. 5300-இல் வைத்தால் பனியில் லேசான நீலம் நிற்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது; ஆனால் காப்பிப் பழத்தின் சிவப்பு கொஞ்சம் சோர்கிறது. பளபளப்பில்லாத மேட் தாளில் மூன்று துண்டுகள் அச்சிட்டு பீரோக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். மூன்றிலும் பச்சை இருண்டு கிடக்கிறது.

அதற்குள் மனசு கிளியூர் அருவிக்குப் போய்விட்டது. நனைந்த கரும்பாறைக்கு இந்த வளையம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம் காப்பிப் பூ. கோடை மழை விழுந்த ஏழெட்டு நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, சில நாளிலேயே வாடிவிடும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த நாளைப் பிடிப்பது எப்படி? காவல்காரப் பெரியவரிடம் என் எண்ணைக் கொடுத்து வந்திருக்கிறேன். மழை விழுந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார். வரும்போது குடை பிடிக்க ஓர் ஆளையும் அழைத்து வரச் சொன்னார், போன முறை அவர்தான் பிடித்தார்.