பித்தப்பையைக் காட்டிக்கொடுத்த மாத்திரை

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க இன்று பாலிகிளினிக்கிலிருந்து அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். சிங்கப்பூரின் தேக்காவில் வளர்ந்த எங்கள் பெரியம்மாவின் காலத்தில் அதற்கு முதல் நாளே தயாராக வேண்டும். இரவு நெய்யும் தேங்காய்ப்பாலும் இல்லாத சாப்பாடு. பிறகு ஆறு மாத்திரைகள், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு. மறுநாள் காலை எக்ஸ்ரே.

எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்யும் எனக்கு அந்த மாத்திரைமேல் தனிப் பிரியம். பெயர் அயோபனோயிக் அமிலம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று அயோடின் அணுக்கள். குடல் உறிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தில் சேர்த்துவிடும். பித்தப்பையோ இரவு முழுவதும் பித்தத்திலிருந்து தண்ணீரை இழுத்து அதைக் கெட்டியாக்கும். அயோடின் எக்ஸ்ரே கதிர்களைத் தடுக்கும்; அது அடர்ந்ததும் பை படத்தில் வெள்ளையாகத் தெரியும். சாதாரணக் கொழுப்புக் கல் அதற்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கும். உடம்பின் வேலையையே படமாக்கிய அறிவு இது! பை தெரியவே இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம்: பித்தப்பைக் குழாய் அடைத்திருக்கலாம். மஞ்சள் காமாலை இருந்தாலும் படம் விழாது.

1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிரகாம், கோல் என்ற இரு மருத்துவர்கள் ஊசிவழி மருந்து செலுத்தி இந்த எக்ஸ்ரே முறையைத் தொடங்கிவைத்தார்கள். வாய்வழி மருந்துகள் பின்னால் வந்தன.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்த மாத்திரையை விழுங்கியிருந்தால், அந்த அனுபவத்தைக் கேட்டு இங்கே எழுதுங்கள். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஆசை.