போயர் போரும் ஆஸ்திரேலியாவும்

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் இடையே போயர் போர் மூண்டபோது ஆஸ்திரேலியா என்றொரு நாடே உருவாகியிருக்கவில்லை. ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் தனித்தனியே படைகளைக் கப்பலேற்றின. 1901 ஜனவரி 1 அன்று அவை ஒரே கூட்டாட்சியாக இணைந்ததால், விக்டோரியாவின் வீரராகவோ குயின்ஸ்லாந்தின் வீரராகவோ புறப்பட்ட பலர் ஒரு புதிய நாட்டுக்குத் திரும்பி வந்தனர்.

அந்த நாட்டின் மனத்தை உண்மையில் உலுக்கியது வெற்றியன்று, ஒரு தண்டனை என்றே நான் கருதுகிறேன். சரணடைந்த போயர் கைதிகளைக் கொன்ற குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சென்ற ஹாரி மோரன்ட், பீட்டர் ஹேண்ட்காக் என்னும் இரு அதிகாரிகளை 1902 பிப்ரவரி 27 அன்று பிரிட்டோரியாவில் பிரிட்டிஷ் இராணுவம் சுட்டுக்கொன்றது. மறுவருடம் ஆஸ்திரேலியாவில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் மரண தண்டனைக்குரிய குற்றங்களைச் சுருக்கியதோடு, தலைமை ஆளுநரின் ஒப்புதலையும் கட்டாயமாக்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தளபதிகள் எவ்வளவோ வற்புறுத்தியும் ஓர் ஆஸ்திரேலியப் படைவீரர்கூட அவ்வாறு சுடப்படவில்லை.

பிரிட்டனின் ஆணைக்கு இட்ட இந்தக் கடிவாளத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மோரன்டைத் தியாகியாக்கிப் பேசுவோர், கொல்லப்பட்ட கைதிகளைப் பற்றி வாய் திறப்பதேயில்லை.