மாமியின் பதில்

மார்ச் கடைசி என்றால் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எங்களைப் போன்ற கணக்கப்பிள்ளைகளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. 31ஆம் திகதியோடு வரி ஆண்டு முடிகிறது. மூடைக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துவந்தாக வேண்டும். பருப்பு ஒத்துவரும். வெங்காயம் ஒருநாளும் ஒத்துவராது. காய்ந்து நிறை குறையும், அழுகினதைக் கொட்டுவார்கள், கொட்டினதைத் துண்டில் எழுத மாட்டார்கள்.

அப்படி வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பில் போடும் தம்பி கைபேசியில் 'சின்ன மாமியே'யைப் போட்டுவிட்டான். எனக்குக் கை நின்றுவிட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்காத பாட்டு, ஆனால் ஒரு சொல் விடாமல் வாய் தானாகவே கூடப் பாடியது.

அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் நம்மூர் பொப் பாடகர் நித்தி கனகரத்தினம் கட்டிய பாட்டு அது. துள்ளுகிற தாளம், அசல் யாழ்ப்பாணத்துப் பேச்சு. மகள் எங்கே என்று பொடியன் கேட்கிறான். மருமகனே வா என்று குழைந்துவிட்டு, பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்கிறாள் மாமி. இளவட்டங்களாக இருந்தபோது நாங்கள் பாடியதெல்லாம் பொடியனின் பங்கைத்தான். மாமியை யார் கவனித்தது? இப்போது வீட்டில் உயர்தரம் படிக்கிற மகள் இருப்பதாலோ என்னவோ, காது மாமியின் பக்கம்தான் போகிறது. புகழ்ச்சிக்கும் குறைவில்லை, மகளும் கண்ணில் படவில்லை. கெட்டிக்காரி! பிறகு வந்த ரீமிக்ஸ்களில் ட்ரம்ஸ் சத்தத்துக்குள் இந்தக் குழைவெல்லாம் அடிபட்டுப் போகிறது, எனக்கு ஒட்டவில்லை.

மூடை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமி அண்ணை, "ஐயா, அப்பிடியே சுராங்கனியையும் போடச் சொல்லுங்கோ" என்றார். அது இந்தியப் படப் பாட்டு என்றான் தம்பி. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் வந்தது உண்மைதான், அதற்கு முன்பே ஏ. ஈ. மனோகரன் இங்கே பாடிப் பரப்பிவிட்டார் என்றேன். அவன் நம்பவில்லை. கைபேசியில் தேடிப் பார்த்த பிறகுதான் அடங்கினான்.

அப்புறம் நித்தியா மனோகரனா என்று தொடங்கிவிட்டது. அண்ணைக்கு மனோகரன், எனக்கு நித்தி. சத்தம் போட வந்த முதலாளி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "எனக்கெண்டா 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' தான்" என்றார். அதுவும் நித்தியின் பாட்டுத்தான்.