ஒரு லிம்ப் போதும் என்று நினைத்தேன்

மட்டக்களப்புக் கல்லடியில் கச்சான் காற்று தொடங்கிய வாரத்தில்தான் அந்தக் கீறலைக் கண்டேன். என் வில்லின் வளையும் கையான லிம்பின் ஓரமாகப் பஞ்சை இழுத்துப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் நூல் நூலாகச் சிக்கியது. யார் வேலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வந்திருந்த அக்காவின் மகன், நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டிருந்தான். அம்போடு போக வேண்டிய விசை அப்படியே வில்லுக்குள் திரும்பி அடிக்கும். "சத்தம் மட்டும்தான் வந்தது மாமா" என்றான்.

கீறிய லிம்பை ஒட்டியோ சுற்றிக் கட்டியோ பாவிக்க முடியாது. இரு நுனியிலும் சக்கரம் வைத்த என் கொம்பவுண்ட் வில்லில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு லிம்ப். பழுதானது ஒன்றுதானே என்று வில்லின் மொடல் பெயரைச் சொல்லி ஒன்றுக்கு மட்டும் காசு கட்டினேன். முழுப் பிழையும் அங்கேதான். ஒவ்வொரு லிம்பிலும் அதன் விறைப்பைக் காட்டும் ஒரு இலக்கம் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் சோடி சேர்க்கிறார்கள். விறைப்பு மாறிய லிம்பைப் பூட்டினால் கேம் எனும் அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சரிந்துவிடும். எனக்கு வந்தது வேறு இலக்கம். பிறகு நாலையும் ஒரே செட்டாக எடுக்க வேண்டியதாயிற்று. வாங்கப் போகிறவர்கள் பழைய லிம்பின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து விற்பவருக்கு அனுப்பிவிட்டே காசைக் கட்டுங்கள்.

அந்த இரண்டாவது பார்சல் கொழும்புச் சுங்கத்தில் நின்றுகொண்டது. இரவு பஸ் ஏறிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பாதிச் சிங்களம் பாதித் தமிழில், "இது ஆயுதமா, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்றேன். "அப்படியென்றால் கடிதம் எங்கே?" என்ன கடிதம், யாரிடமிருந்து என்று கேட்டதற்கு, "அது உங்களுக்குத்தான் தெரியும்." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெறுங்கையோடு மட்டக்களப்புக்குத் திரும்பினேன். அடுத்த முறை கிளப்பின் கடிதம், பில், வில்லோடு நான் நிற்கும் படம், லிம்ப் எங்கே பொருந்துகிறது என்று அம்புக்குறி போட்ட படம் எல்லாவற்றையும் பைலில் போட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் வேறொருவர். பைலைத் திறக்கவே இல்லை. கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுத்துவிட்டார். சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்தது பிரஸ், லிம்பை அமுக்கி நாணைத் தளர்த்தும் கருவி. பிரஸ் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது. லிம்பை வில்லோடு பூட்டும் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே போனால் தளர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான வில்லுகளில் இத்தனை சுற்றுக்கு மேல் திருப்பாதே என்று ஒரு எல்லை உண்டு. நாண் இறுகியிருக்க அதைத் தாண்டினால் லிம்ப் அது உட்காரும் பாக்கெட்டை விட்டுப் பறக்கும். கல்முனையில் ஒரு நண்பனிடம் கையடக்கப் பிரஸ் இருந்தது. வில்லையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாண்டிருப்பில் ஏறிய ஒரு பெரியவர் வில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அருச்சுனன் தவத்துக்கா மனே?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

போய்ப் பார்த்தால், அது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒற்றை லிம்ப் உள்ள வில்லுக்கான பிரஸ். என்னுடையதைப் போல இரண்டிரண்டாகப் பிளந்த லிம்பைப் பிடிக்கத் தனிக் கொக்கிகள் வேண்டும், அவை அவனிடம் இல்லை. பக்கத்து லேத்துக் கடைக்காரர் "நான் வளைச்சுத் தாறன்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இறுக்கும் நேரத்தில் கொக்கி வழுகினால் முகத்துக்கு நேரே வரும். கொக்கிகளை விலைக்கு எடுத்து, அவை வரும்வரை மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

மாற்றும் வேலை ஒரு பின்னேரம்தான். கழற்ற முன், கேம் சுழலும் அச்சான ஆக்ஸிலிலிருந்து மற்ற ஆக்ஸிலுக்கு உள்ள நீளத்தையும், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து எழுதுங்கள். கேம்களை இணைக்கும் கேபிள் போகும் பாதையைப் படம் எடுங்கள். கீழே வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். நான் விரிக்கவில்லை. ஆக்ஸிலைப் பூட்டும் ஈ-கிளிப் துள்ளி முற்றத்து மணலில் விழுந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து முக்கால் மணித்தியாலத்தில் பிடித்தேன். பிடித்தபோது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பூட்டிய பிறகு மேல் கேம் கொஞ்சம் பிந்தி உருண்டது. கேபிளை அரைச் சுற்று முறுக்கியதும் இரண்டும் ஒன்றாக வந்தன. நாணை இழுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்க்கத் தராசு இல்லை. மீன் விற்கும் அண்ணனிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி, நாணில் மாட்டி இழுத்தேன். 28 கிலோ, அதாவது 62 இறாத்தல் கிட்ட. போட்டிக்கு 60 இறாத்தல்தான் எல்லை. இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்தித் தளர்த்தி 26.5 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை மட்டும் திருப்பினால் வில் சமநிலை கெடும். "என்ன மீன் தம்பி இவ்வளவு பாரம்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் தராசை வாங்கிப் போனார்.

முதல் பத்து அம்பும் சத்தமில்லாமல் போயின. குறி பார்க்கும் சைட்டை இன்னும் சரிசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அக்காவின் மகன் வருகிறானாம். வில்லை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.