அக்காவுக்கு விண்டோஸ், எனக்கு டெபியன்

எங்கள் வீட்டு லேப்டாப்பில் பகலில் அக்கா விண்டோஸில் டேலி போடுவாள். இரவில் நான் டெபியன் என்ற லினக்ஸில் உட்காருவேன். டெபியன் 11-ஐ 12-க்கு மாற்றிய மறுநாள் காலை, "டேய், விண்டோஸ் எங்கடா?" என்று சத்தம். கணினி எழும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலில் டெபியன் மட்டும்தான் இருந்தது.

தப்பு என்னுடையது. மற்ற இயங்குதளங்களைத் தேடித் தரும் ஓஎஸ்-ப்ரோபர் இனிமேல் தானாக ஓடாது என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே போட்டிருந்தார்கள். யார் படித்தது? கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்ததும் விண்டோஸ் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்தக் கறுப்புத் திரையைக் கண்டாலே அக்காவுக்குப் பயம். சரி, கிரப்புக்குப் பதில் வேறு ஏதாவது பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் சிஸ்டம்டி-பூட். சின்னது, வேகமானது. ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலும், அது எழத் துணைக்கு வரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் பொதுவாக, பூட் கோப்புகளுக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்க வேண்டும். விண்டோஸ் ஒதுக்கியிருந்ததோ வெறும் 100 எம்பி. அதன் சொந்தக் கோப்புகள் போக ஒரு கெர்னல் அடங்கும். அப்டேட்டில் இரண்டாவது வந்தால் எங்கே வைப்பது? பார்ட்டிஷனை நீட்டலாம்தான். அக்காவின் கணக்குகள் இருக்கும் டிஸ்க்கில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் ரீஃபைண்ட். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதுவே டிஸ்க்கைத் துழாவி, இருக்கும் இயங்குதளங்களைப் படங்களாகக் காட்டும். பட்டியலை நாம் புதுப்பிக்க வேண்டியதில்லை. கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க மனமில்லாததால், அது ஏற்றுக்கொள்ளும் ஷிம் என்ற சின்ன நிரலோடு சேர்த்து நிறுவினேன். அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொன்னது. 'டிஸ்க்கிலிருந்து சாவியைச் சேர்' என்பதைத் தேர்ந்து, ரீஃபைண்ட் ஃபோல்டருக்குள் இருந்த சான்றிதழ்க் கோப்பைக் காட்டினேன். எந்த ஃபோல்டர் என்று முன்பே குறித்து வைத்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

திறந்து பார்த்தால் ஏழெட்டுப் படங்கள்: மீட்புக் கருவி, கிரப், இன்னும் என்னென்னவோ. வேண்டாததன் மேல் நின்று டெலீட் விசையைத் தட்டினால் மறைந்துவிடும், கோப்பு அழியாது.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. கடைசியாக எதில் நுழைந்தோமோ அதுவே மறுமுறையும் தேர்வாகி நிற்கும். இரவு நான் டெபியனில் இருந்தால், காலையில் அக்கா காபி போட்டுவிட்டு வருவதற்குள் டெபியன் திறந்திருக்கும். ரீஃபைண்டின் அமைப்புக் கோப்பில் எப்போதும் விண்டோஸே முதல் தேர்வு என்று எழுதிவிட்டேன். கிரப்பை அழிக்கவில்லை; அந்தப் படங்களில் ஒன்றாக ஓரமாக இருக்கட்டும்.